பாதி வாடகையும் முழு வீடும்

வாடகையே தராமல் ஆண்டுக்கணக்கில் குடியிருப்பவரை விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ தேடினால் அரிதாகத்தான் கிடைப்பார். கிடைப்பவர்கள் பெரும்பாலும் கொஞ்சம் தந்து கொஞ்சம் வைத்தவர்கள். 5,000 ரூபாய் வாடகையில் 3,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு, "மீதிய அடுத்த மாசம் சேத்துக் குடுத்துடறேன்க்கா" என்று படியிறங்கியவர்கள். அடுத்த மாதம் முழு வாடகையும் வந்துவிடும். பழைய 2,000 மட்டும் அப்படியே நிற்கும். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூனில் இன்னொரு 2,000 சேரும், தீபாவளிக்கு ஒரு 1,500. ஒரு நாள் வீட்டுக்காரர் "பாக்கியை வை, இல்லாட்டி காலி பண்ணு" என்று சொல்லும்போது பாக்கி எவ்வளவு என்பதில் இருவருக்கும் இரண்டு கணக்கு இருக்கும். இருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் சிக்கல்.

நம்முடைய வாடகைச் சட்டங்கள் இந்த அரைப் பாக்கிக்காரரை எப்படிப் பார்த்தன, இப்போது எப்படிப் பார்க்கின்றன என்பதைத் தனியாக எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது. வாடகைச் சட்டம் பற்றிய விவாதங்களில் ஒழுங்காகத் தருபவர், ஏமாற்றுபவர் என்ற இரண்டு பேர்தான் வருவார்கள். நடுவில் இருப்பவர் வருவதில்லை. 2019 பிப்ரவரி 22இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அவர் நிலையைக் கணிசமாக மாற்றியிருக்கிறது; மாற்றியது இன்னும் பல வீடுகளுக்குத் தெரியாது.

இரண்டு ஊர்களையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்னார்க்காட்டிலிருந்து 1993 செப்டம்பர் 30இல் பிரிந்து மாவட்டத் தலைநகரான பிறகுதான் விழுப்புரத்தில் வாடகை வீட்டுக்குத் தேவை பெருகியது. ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றங்கள், ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரியும் ரயில் சந்திப்பு, அருகே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. மாற்றலாகி வருபவர்களும் படிக்க வருபவர்களும், அவர்களை நம்பிக் கடை போடுபவர்களும் இங்கே குடித்தனக்காரர்கள். திண்டிவனம் சாலைகளால் ஆன ஊர். சென்னையிலிருந்து தெற்கே போகும் சாலையிலிருந்து புதுச்சேரிக்கும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் இங்கேதான் பிரிய வேண்டும். பேருந்து, லாரி, பட்டறை, ஓட்டல் என்று நாள்கூலியும் வாரக்கூலியும் ஓடும் ஊர். வருமானம் மாத முதல் தேதியில் மொத்தமாக வராத வீடுகளில் வாடகையும் துண்டு துண்டாகத்தான் போகும். துண்டு வாடகைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941இல், சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பிறகு 1946லும் 1949லும் சட்டங்கள். கடைசியாக 1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். விழுப்புரம், திண்டிவனம் போன்ற நகராட்சிகளில் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆண்டது இதுதான். ஒப்பந்தத்தில் தேதி குறிக்காவிட்டால், ஒரு மாத வாடகையை அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் கொடுக்கலாம் என்றது அந்தச் சட்டம். அதற்குள் கொடுக்காவிட்டாலும் உடனே வீடு போய்விடாது. பாக்கி வைத்தது வேண்டுமென்றே செய்ததா என்று வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலர் பார்க்க வேண்டும். இல்லை என்று அவர் கருதினால், 15 நாளுக்கு மேற்படாத அவகாசம் தந்து, அதற்குள் பாக்கி கட்டப்பட்டால் வீட்டுக்காரரின் மனுவைத் தள்ளிவிடலாம்.

வேண்டுமென்றே என்பதை எப்படி அளப்பது? 1973இல் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். வீட்டுக்காரர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துக் கேட்ட பிறகும் பாக்கி நின்றால், அது வேண்டுமென்றே வைத்த பாக்கிதான். அப்படியானால் நோட்டீஸே கொடுக்காமல் வழக்குப் போட்டால்? சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து போன மேல்முறையீடுகளில் 1985 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது. சுந்தரம் பிள்ளை – பட்டாபிராமன் வழக்கு என்று வக்கீல்கள் இன்றும் சொல்வது அதைத்தான். நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதமும் கழிந்திருந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டாம்; நோட்டீஸ் இல்லையென்றால் குடியிருப்பவர் மனமறிந்து, பொறுப்பில்லாமல் வைத்தாரா என்று சூழ்நிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அரைப் பாக்கிக்காரருக்கு இந்தச் சூழ்நிலைதான் கேடயம். 3,000 கொடுத்தவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்வது கடினம். கொடுக்கும் எண்ணம் இருந்தது, கை எட்டவில்லை என்பதற்கு அந்த 3,000 ரூபாயே சாட்சி.

இன்னொரு கேடயமும் இருந்தது: அட்வான்ஸ். பழைய சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஆனால் வாங்காத வீட்டுக்காரர் உண்டா? கூடுதலாக வாங்கிய பணம் வீட்டுக்காரர் கையில் குடியிருப்பவரின் பணமாகவே இருக்கிறது, பாக்கியைவிட அது அதிகமாக இருக்கும்போது பாக்கி என்று வழக்குப் போட முடியாது என்ற நியாயம் நீதிமன்றங்களில் வளர்ந்தது. ஆந்திராவின் கூடூரிலிருந்து போன ஓட்டல் வழக்கில் 1989லும், தமிழ்நாட்டிலிருந்து போன நரசிம்ம ராவ் வழக்கில் 1996லும் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. "அட்வான்ஸ்ல கழிச்சிக்குங்க" என்று குடித்தனக்காரர்கள் வழக்கமாகச் சொல்வதற்கு அந்தக் காலத்தில் சட்டத்தின் துணையும் இருந்தது.

இந்த இரண்டையும்தான் புதிய சட்டம் தளர்த்திவிட்டது.

2017ஆம் ஆண்டின் 42ஆம் சட்டம், சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்துவதாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அதன் 21ஆம் பிரிவு எந்தெந்தக் காரணங்களுக்காக வாடகை நீதிமன்றம் வீட்டைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லலாம் என்று வரிசைப்படுத்துகிறது. பாக்கியும் ஒரு காரணம். இரண்டு மாதத்துக்கான வாடகையும் இதர கட்டணங்களும் தாமத வட்டியோடு சேர்த்து, வீட்டுக்காரரின் கேட்பு நோட்டீஸ் கையில் கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுமையாகக் கட்டப்படவில்லை என்றால், அது போதும். ஏன் கட்டவில்லை என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. பழைய சட்டம் குடியிருப்பவரின் மனத்தைப் பார்த்தது. புதியது கணக்கை மட்டும் பார்க்கிறது.

ஆகவே நோட்டீஸ் வந்த பிறகு ஓடிப்போய் 3,000 கொடுப்பதால் வழக்கு நிற்காது. 10,000 பாக்கிக்கு 9,000 கட்டினாலும் மீதி 1,000 வழக்கை உயிரோடு வைத்திருக்கும். "பாதி வாங்கிக்கிட்டாரே, அப்புறம் எப்படி காலி பண்ணச் சொல்லலாம்?" என்று பலர் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் நோட்டீஸ் கொடுத்த பிறகு வாடகையை வாங்கியதாலேயே வீட்டுக்காரர் நோட்டீஸைக் கைவிட்டார் என்று பொருளாகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2006இல், சொத்து மாற்றுச் சட்டத்தின் கீழ் எழுந்த ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. வாங்கியது வாங்கியதுதான், வழக்கு வழக்குதான்.

இரண்டு மாதம் என்பதில் ஒரு முடிச்சு இருக்கிறது. மாதம் 2,000 வீதம் ஐந்து மாதம் குறைத்துக் கொடுத்தவரின் பாக்கி, தொகையாகப் பார்த்தால் இரண்டு மாத வாடகை. இரண்டே மாதம், மாதத்துக்கு 500 குறைத்துக் கொடுத்தவரின் பாக்கி 1,000தான். ஆனால் அவர் முழுமையாகக் கட்டாத மாதங்களும் இரண்டுதான். சட்டத்தின் சொற்களை இறுக்கமாகப் படித்தால் இரண்டாமவரும் சிக்குவார். வீட்டைப் பறிப்பதற்கான காரணத்தை இப்படி 1,000 ரூபாயில் நிறுத்துவது சட்டம் இயற்றியவர்களின் நோக்கமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு மாத வாடகைக்குச் சமமான தொகை என்று படிப்பதே நியாயம். இங்கிலாந்தின் 1988 வீட்டுவசதிச் சட்டம் இந்த இடத்தில் தெளிவாக இருந்தது. நோட்டீஸ் கொடுத்த நாளிலும் வழக்கு விசாரணை நாளிலும் இரண்டு மாத வாடகைக்குக் குறையாத தொகை பாக்கி நின்றால்தான் நீதிபதி கட்டாயம் வெளியேற்ற உத்தரவிட வேண்டும் என்றிருந்தது. விசாரணைக்கு முதல் நாள் கொஞ்சம் கட்டித் தொகையை அந்த அளவுக்குக் கீழே இறக்கிவிட்டால், வெளியேற்றுவதா வேண்டாமா என்பது நீதிபதியின் விருப்புரிமைக்குப் போய்விடும். பாதிப் பணத்துக்கு அங்கே ஒரு மதிப்பு உண்டு. நம் சட்டத்தில் முழுப் பணத்துக்குத்தான்.

சரி, பாக்கி எவ்வளவு? இதற்கு விடை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் கிடக்கிறது. வாடகைச் சட்டம் பேசுபவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. கடன் பலவாக இருக்கும்போது கொடுக்கப்படும் பணம் எந்தக் கடனுக்கு என்று அதன் 59, 60, 61ஆம் பிரிவுகள் சொல்கின்றன. கொடுப்பவர் இன்ன கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்து, வாங்குபவர் வாங்கிக்கொண்டால், அதற்குத்தான். கொடுப்பவர் எதுவும் சொல்லாவிட்டால் வாங்குபவர் தம் விருப்பப்படி வரவு வைக்கலாம். இருவருமே எதுவும் செய்யாவிட்டால் மூத்த கடனிலிருந்து கழியும். ஜூனில் 2,000 பாக்கி வைத்தவர் ஜூலையில் எதுவும் சொல்லாமல் 5,000 அனுப்பினால், வீட்டுக்காரர் அதில் 2,000ஐ ஜூனுக்கு எடுத்துக்கொண்டு, "ஜூலைக்கு ரெண்டாயிரம் குறையுது" என்று எழுதலாம். ஆகஸ்டிலும் அதே. ஒரே 2,000தான், ஆனால் ஒவ்வொரு மாதமும் குறை விழுந்ததாக நோட்டீஸ் வரும். கைபேசியில் பணம் அனுப்பும்போது குறிப்பு என்று ஒரு கட்டம் வருமே, அதில் 'ஜூலை வாடகை' என்று எழுதுவது அந்தப் பிரிவுகளின் கண்ணில் பெரிய காரியம். ரொக்கமாகக் கொடுத்தால் மாதம் குறிப்பிட்ட ரசீது. ரசீது தருவது வீட்டுக்காரரின் கடமை. கேட்பது அவமரியாதை அல்ல. நம் ஊரில் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இதர கட்டணங்களும் பாக்கியில் சேரும் என்பதால் கரண்ட் பில் சண்டையும் இங்கே வந்துவிடுகிறது. துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் கேட்கும் தொகையை அதிகம் என்று கருதி வாடகையை மட்டும் முழுமையாகக் கொடுப்பவரும், வீட்டுக்காரர் கணக்கில் பாதி கொடுத்தவர்தான்.

இவ்வளவும் எழுத்தில் ஒப்பந்தம் உள்ள வீட்டுக்கு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது புதிய சட்டம். பழைய குடித்தனங்களும் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கெடு வைத்து, அந்தக் கெடுவை நீட்டியும் பார்த்தார்கள். எழுதாவிட்டால் என்ன? இருவரும் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே வீட்டைத் திரும்பக் கேட்பதற்கு 21ஆம் பிரிவின் முதல் காரணம். தவறு இருவருடையது, வெளியேறுவது ஒருவர். வாய்ப்பேச்சில் வீடு கொடுத்து வாங்கும் இந்த ஊர்களில் ஒரு ரூபாய்கூடப் பாக்கி வைக்காத குடும்பமும் இந்தக் காரணத்தின் கீழ் வந்துவிடும் என்பது இந்தச் சட்டத்தின் மிக மோசமான பகுதி என்றே நினைக்கிறேன். பாக்கியை நிரூபிப்பதைவிடப் பத்திரம் இல்லை என்பதை நிரூபிப்பது எளிது. வக்கீல்களும் எளிய வழியைத்தானே தேர்ந்தெடுப்பார்கள்?

அட்வான்ஸ் பற்றிய நியாயமும் இளைத்துவிட்டது. ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாதவரை மூன்று மாத வாடகை வரை முன்பணம் வாங்குவதைப் புதிய சட்டம் அனுமதிக்கிறது. வீடு காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துத் திருப்பித் தர வேண்டும். அதாவது அது போகும்போது கழிக்கும் பணம்; இருக்கும்போது கழிக்கும் பணம் அல்ல. கூடுதலாக வாங்கியது சட்டவிரோதம் என்ற அடித்தளத்தின் மேல் நின்ற பழைய தீர்ப்புகளை மூன்று மாத முன்பணத்துக்கு அப்படியே பொருத்துவது கடினம். கழித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிக்கொண்டால் இந்தச் சண்டையே இல்லை.

குடியிருப்பவருக்கு மிச்சமிருப்பது என்ன என்றால், நிறையவே இருக்கிறது. முதலாவது, அந்த ஒரு மாதம். நோட்டீஸ் வந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியும் கட்டிவிட்டால் பாக்கி என்ற காரணம் விழுந்துவிடும். தங்கத்தை அடகு வைத்தோ சீட்டெடுத்தோ பணம் புரட்ட வேண்டிய நேரம் அதுதான். வழக்கு வந்த பிறகு அல்ல. வீட்டுக்காரர் பணத்தை வாங்க மறுத்தால் (வாங்காமல் இருந்து பாக்கியை வளர்க்கும் தந்திரம் பழையது) மணியார்டரிலோ வேறு வகையிலோ அனுப்பலாம். தொடர்ந்து இரண்டு மாதம் அப்படி அனுப்பியும் வாங்காவிட்டால் வாடகை அதிகார அமைப்பிடம் கட்டிவிடலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர்தான் அந்த அமைப்பு. விழுப்புரமும் திண்டிவனமும் வருவாய்க் கோட்டத் தலைமையிடங்கள் என்பதால் அந்த நிலை அலுவலரைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. திரும்பி வந்த மணியார்டர் படிவத்தைக் கிழித்துப் போடாமல் வைத்திருப்பவர் பாதி வழக்கை ஜெயித்தவர்.

அடுத்தது, தண்ணீர். மோட்டார் போட மறுப்பது, மெயினை அணைப்பது, கழிப்பறைக்குப் பூட்டுப் போடுவது. நீதிமன்றத்துக்குப் போகாமல் குடித்தனக்காரரைக் கிளப்புவதற்கு ஊருக்கு ஊர் உள்ள உபாயங்கள் இவை. எவ்வளவு பாக்கி இருந்தாலும் அத்தியாவசிய வசதிகளை நிறுத்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாடகை அதிகார அமைப்பிடம் புகார் கொடுத்து உடனடி இடைக்கால உத்தரவு வாங்கலாம். சாமானை வெளியே போட்டுக் கதவைப் பூட்டிவிட்டால் 1963ஆம் ஆண்டின் தனிக்குறித் தீர்வழிச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இருக்கிறது. சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் உரிமையியல் வழக்குப் போட்டு அனுபோகத்தைத் திரும்பப் பெறலாம். வீடு யாருடையது என்ற கேள்வி அந்த வழக்கில் எழாது. காவல் நிலையத்தில் கூப்பிட்டு வைத்து "எப்ப காலி பண்றே?" என்று கேட்பதற்கும் வாடகைச் சட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. காலி செய்யச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துடையது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. இரண்டு ஊர்களுக்கும் இடையில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. தெருக்களில் தண்ணீர் நின்றது, கடைகள் திறக்கவில்லை, கூலி இல்லை. பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைதாரர்களுக்கு அரசு 2,000 ரூபாய் அறிவித்தது. அந்த டிசம்பர் வாடகை எத்தனை வீடுகளில் பாதியாகப் போயிருக்கும்! பழைய சட்டம் இருந்திருந்தால் இது வேண்டுமென்றே வைத்த பாக்கி அல்ல என்று சொல்ல வாய் இருந்திருக்கும். புதிய சட்டத்தின் கணக்கில் வெள்ளத்துக்குத் தனிப் பத்தி இல்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு வெள்ளத்தில் வீடு பெருமளவு அழிந்தால் குத்தகையை முடித்துக்கொள்ளும் விருப்பத்தைக் குடியிருப்பவருக்குத் தருகிறது. ஆனால் அது போவதற்கான வழி, இருப்பதற்கானது அல்ல. கொரோனா ஊரடங்கில், 2020 மார்ச் 29இல், தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது, அவர்களையும் மாணவர்களையும் வெளியேற்றக் கூடாது என்று ஒன்றிய உள்துறை பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் ஆணையிட்டது. அதே ஆண்டு மே மாதம், டெல்லி கான் மார்க்கெட் கடை ஒன்றின் வழக்கில், கடையைப் பயன்படுத்த முடியவில்லை என்பதால் மட்டும் வாடகை நின்றுவிடாது என்றது டெல்லி உயர்நீதிமன்றம். அரசு ஆணையிட்டால் அவகாசம் உண்டு, இல்லையென்றால் ஒப்பந்தம்தான். பேரிடர் ஆணையில் வாடகைக்கு ஒரு வரி சேர்ப்பதற்கு 2020ஆம் ஆண்டின் முன்மாதிரி இருந்தும் புயல்களுக்குப் பிறகு அது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

வீட்டுக்காரரின் பக்கமும் காலியானது அல்ல. இந்த ஊர்களில் வீட்டுக்காரர் என்பவர் பெரும்பாலும் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி, அந்த வாடகையில் வீட்டுக் கடன் தவணை கட்டுபவர். ஓய்வூதியம் இல்லாத மூதாட்டிக்கு அந்த 5,000 ரூபாய்தான் மாத்திரைச் செலவு. பழைய சட்டத்தின் கீழ் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்ததால்தான் வாடகைக்கு விடவே பயந்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை. கணக்கை மட்டும் பார்க்கும் சட்டம் வேகமானது. அந்த வேகத்தில் வெள்ளத்தில் கூலி இழந்தவரையும் வேண்டுமென்றே இழுத்தடிப்பவரையும் பிரித்தறியும் கண் போய்விட்டது என்பதுதான் என் குறை.

இன்னொன்று: புதிய சட்டம் நகர்ப்புறங்களுக்கானது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லையோடு அது முடிந்துவிடும். விக்கிரவாண்டி பேரூராட்சியில் வீடு எடுத்த மாணவருக்கு அது உண்டு. முண்டியம்பாக்கம் ஊராட்சியில் அதே கல்லூரிக்கு அடுத்த தெருவில் அறை எடுத்தவருக்கு இல்லை. அவருக்கு 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். மாத வாடகைக் குடித்தனத்தை 15 நாள் நோட்டீஸில், காரணமே சொல்லாமல் முடிக்கலாம். பிறகு வீட்டுக்காரர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பாக்கி வைத்தால் குத்தகை ரத்து என்ற ஒப்பந்த நிபந்தனையை வைத்து வழக்கு வந்தால் மட்டும், விசாரணையில் பாக்கியும் வட்டியும் செலவும் கட்டினால் நீதிமன்றம் மன்னிக்கலாம் என்று 114ஆம் பிரிவு இடம் தருகிறது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவருக்கு விழுப்புரத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வட்ட அளவில் குழுக்கள் உண்டு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி வருமானம் பார்க்காமல் இலவச உதவி. வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். பாக்கியைத் தவணையாக வாங்கிக்கொள்ள வீட்டுக்காரர் இசைந்தால் மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போடும் முன் ஒரு முறைக்கு இரண்டு முறை படித்துப் பார்க்க வேண்டும்: அங்கே எழுதப்படுவது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் மேல்முறையீடு கிடையாது. தவணை தவறினால் மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்கிறேன் என்று அதில் ஒரு வரி இருந்தால், அந்த வரியை வைத்தே அமீனா வாசலுக்கு வந்துவிடுவார்.